ஏ.ஐ. கொண்டு கூட்டறிக்கை எழுதும்போது வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழியும்

வீட்டுத்திட்டக் குடியிருப்போர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், ஆலய பரிபாலன சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை எதுவானாலும் செயலாளருக்கு வரும் தலையிடி ஒன்றுதான். கூட்டத்தை போனில் பதிந்து, ஏ.ஐ. செயலியில் ஏற்றி, எழுத்துருவை (பேசியதை அப்படியே எழுத்தாக்கிய வடிவத்தை) எடுத்து, அதைச் சுருக்கிக் கூட்டறிக்கை ஆக்கினால், நடந்தது ஒன்றாகவும் அறிக்கையில் உள்ளது வேறொன்றாகவும் இருக்கும்.

செயலியை மாற்றுவதற்கு முன் பிழை எந்தக் கட்டத்தில் புகுந்தது என்று பாருங்கள். கட்டங்கள் மூன்று: பதிவு, எழுத்துரு, சுருக்கம். பிழையான இடத்தின் நேரக்குறியைப் பிடித்து, அந்த 30 வினாடியை இயர்ஃபோன் போட்டுக் கேளுங்கள். உங்கள் காதுக்கே விளங்கவில்லை என்றால் பிழை பதிவில். காதுக்கு விளங்குகிறது, எழுத்தில் இல்லை என்றால் எழுத்துருவில். எழுத்துரு சரி, கூட்டறிக்கை பிழை என்றால் சுருக்கத்தில். பதிவில் உள்ள பிழையைச் சுருக்கத்தில் திருத்தப் போனால் நேரம்தான் வீண்.

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் ஏ.ஐ. மாதிரியையே பல செயலிகள் உள்ளுக்குள் பயன்படுத்துகின்றன. அதனால் கீழே வரும் குணங்கள் பெரும்பாலும் அதனுடையவை.

பின்வரிசையில் இருப்பவர் பேசியது வரவே இல்லை, அல்லது பாதிப் பாதியாக வருகிறது

போன் தலைவரின் மேசையில் இருந்திருக்கும். தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஒரு மீற்றரில் தெளிவாகக் கேட்பவர் எட்டு மீற்றரில் பேசினால் 18 டெசிபல் போய்விடும். ஆனால் தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியின் இரைச்சல் குறையாமல் அப்படியே நிற்கும். மேமாத வெயிலில் விசிறியை நிறுத்தச் சொன்னால் கூட்டமே கலைந்துவிடும். ஆகவே போனைத்தான் நகர்த்த வேண்டும்.

போனை விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். பிளாஸ்டிக் மேசையில் வெறுமனே வைத்தால், பேனை விழுந்தாலும் கை பட்டாலும் இடிபோல் பதியும். துவாய் ஒன்றை நாலாக மடித்துக் கீழே போடுங்கள். மைக் துளை பெரும்பாலான போன்களில் அடிப்பக்கம் இருக்கும்; அந்தப் பக்கம் சபையைப் பார்க்கட்டும். இன்னொரு போனைச் சபையின் நடுவில் ஒரு கதிரையில் வைத்து அதிலும் பதியுங்கள். பிறகு தெளிவான பதிவை மட்டும் எடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். இரண்டு போனின் நேர ஓட்டமும் நூலிழை வித்தியாசப்படும். கலந்தால் எதிரொலி வந்து இருந்ததும் கெட்டுவிடும்.

ஒலிபெருக்கி பிடித்திருந்தால் பெட்டிக்கு அருகே போனை வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பெட்டியிலிருந்து வருவது மண்டபச் சுவரில் மோதிக் குழம்பிய ஒலி. பேசுகிற வாயின் பக்கமே நல்லது.

சட்டையில் குத்தும் கம்பி மைக் வாங்கிப் போட்டும் முன்னேற்றம் இல்லை என்றால் போனில் செருகும் அதன் முள்ளைப் பாருங்கள். முள்ளில் இரண்டு கறுப்பு வளையம்தான் என்றால் அது கமெராவுக்கு உரியது. போன் அதை மைக்காக ஏற்காமல் தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும். மூன்று வளையம் உள்ளதே போனுக்கு. சோதிப்பது சுலபம்: பதிவை ஓடவிட்டு, மைக்கை நகத்தால் தட்டுங்கள், பிறகு போனைத் தட்டுங்கள். எது உரக்கக் கேட்கிறதோ அதில்தான் பதிவாகிறது.

பதிவு வகை எம்4ஏ ஆக இருக்கட்டும். பழைய போன்களில் ஏ.எம்.ஆர். அல்லது 3ஜிபி (.3gp) என்ற கோப்பு வகையில் சேமிப்பது தொலைபேசித் தரம். விநாடிக்கு 8,000 ஒலி மாதிரிகள்தான். அதைப் பிறகு 16,000க்கு மாற்றினாலும் போன ஒலி திரும்பாது. மறுபக்கம், விஸ்பர் எதைக் கொடுத்தாலும் 16,000 ஹேர்ட்ஸ், ஒற்றைத் தடமாக மாற்றியே கேட்கிறது. அதனால் உயர்தர ஸ்டீரியோவில் பதிந்தும் இலாபம் இல்லை. இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கடுமையாகப் போடாதீர்கள். மனிதக் காதுக்கு இதமாகும். மெய்யெழுத்துகளின் ஓரம் தேய்ந்து இயந்திரத்துக்கு இன்னும் விளங்காமல் போகும்.

பதிவு நடுவில் நின்றுவிட்டது

அழைப்பு வந்திருக்கும், அல்லது பற்றரி சேமிப்பு முறை செயலியை மூடியிருக்கும். விமான முறையில் போடுங்கள், பற்றரி சேமிப்பை நிறுத்துங்கள். நிகழ்ச்சி நிரலின் ஒவ்வொரு விடயத்துக்கும் பதிவை நிறுத்தி அடுத்ததைப் புதிதாகத் தொடங்குங்கள். இந்தப் பழக்கம் கீழே இன்னும் மூன்று இடத்தில் கைகொடுக்கும்.

யாருமே சொல்லாத வசனம் எழுத்தில் வருகிறது

இது பெரும்பாலும் அமைதியான இடத்தில் நடக்கும். கூட்டம் இறைவணக்கத்தோடு தொடங்கி, காலமான அங்கத்தவருக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி. டிசம்பர் 26ஐ ஒட்டி வரும் கூட்டமென்றால் சுனாமியில் போனவர்களுக்கும். இந்த அமைதியில் விஸ்பர் சும்மா இராது. இணையத்தில் கிடந்த ஒலிகளையும் அவற்றின் எழுத்துகளையும் வைத்துப் பழகிய மாதிரி அது. பேச்சு இல்லாத இடத்தில், வீடியோ முடிவில் வரும் நன்றி வாசகம் போன்ற ஏதோ ஒன்றைத் தானே இட்டு நிரப்பும். வசனம் இலக்கணச் சுத்தமாக இருப்பதால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

திருத்தம்: வணக்கமும் அஞ்சலியும் முடிந்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். ஏற்கெனவே பதிந்துவிட்டால் ஓடாசிட்டி போன்ற மென்பொருளில் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். செயலியில் ‘வி.ஏ.டி.’ என்ற தெரிவு இருந்தால் அதை இயக்குங்கள். பேச்சு உள்ள இடத்தை மட்டும் பிரித்து அனுப்பும் வடிகட்டி அது.

ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது

‘அப்ப அந்த றோட்டு அந்த றோட்டு அந்த றோட்டு’ என்று ஒரு பக்கம் நிறையும். மாரி காலத்தில் கூடுதலாகப் பார்க்கலாம். கார்த்திகை, மார்கழியில் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கிய நிமிடத்தையும் எழுத்துரு சுற்றத் தொடங்கிய நிமிடத்தையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

விஸ்பர் ஒலியை 30 வினாடித் துண்டுகளாகக் கேட்கிறது. ஒரு துண்டுக்கு எழுதியதை அடுத்த துண்டுக்குத் துணையாக வைத்துக்கொள்கிறது. ஒலி விளங்காதபோது அந்தத் துணையையே நம்பி முந்தைய வரியைத் திரும்ப எழுதும், அது அடுத்ததற்குத் துணையாகும், சுழல் விழுந்துவிடும். ‘முந்தைய உரையைச் சார்ந்திரு’ என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும், அதை நிறுத்துங்கள். அந்தத் தெரிவு இல்லாத செயலியென்றால், சுழல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் கோப்பை வெட்டி, மீதியைத் தனிக் கோப்பாக ஏற்றுங்கள்.

சுழலுக்குள் மறைந்த பேச்சு எழுத்தில் இல்லவே இல்லை என்பதை மறக்காதீர்கள். திரும்பிய வரிகளை அழித்துவிட்டு அங்கால போனால் நாலைந்து நிமிடக் கூட்டம் காணாமல் போகும். மழை அடித்துக்கொட்டும்போது தலைவர் பத்து நிமிடம் கூட்டத்தை நிறுத்திவைப்பதே நல்லது; அந்த இரைச்சலில் சபைக்கும் கேட்காது.

தமிழில் பேசினோம், ஆங்கிலத்தில் வந்திருக்கிறது

இரண்டு காரணம். ஒன்று, ‘எழுது’ என்பதற்குப் பதிலாக ‘மொழிபெயர்’ தெரிவாகியிருக்கும். விஸ்பரின் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்துக்கு மட்டுமே. மற்றது, மொழியைத் தானே கண்டுபிடிக்க விட்டது. முதல் 30 வினாடியை வைத்துத்தான் அது மொழியைத் தீர்மானிக்கும். அங்கே மைக் சோதனை, ஓதல், கதிரை இழுபடும் சத்தம் இருந்தால் எதையாவது முடிவுசெய்யும். மொழியைத் ‘தமிழ்’ என்று கையால் தெரிவுசெய்யுங்கள். கூகுள் டொக்ஸின் குரல் தட்டச்சில் ‘தமிழ் (இலங்கை)’ தனியாக உண்டு, அதை எடுங்கள்.

அம்பாறைப் பக்கத்துக் கூட்டங்களில் அதிகாரி ஒருவர் சிங்களத்தில் விளக்கம் தருவது வழக்கம். தமிழ் என்று பூட்டிய செயலி அந்தப் பகுதியைத் தமிழ் எழுத்தில் பொருளற்ற சொற்களாக எழுதும். வெட்டியெடுத்துச் சிங்களத்தில் தனியாக ஓட்டலாம். ஆனால் சிங்களத்தில் விஸ்பர் இன்னும் பலவீனமானது. இதைவிடச் சிறந்த வழி, அதிகாரி முடித்ததும் தலைவர் ‘ஐயா சொன்னது இதுதான்’ என்று தமிழில் மூன்று நாலு வசனமாகச் சொல்வது. அந்த வசனங்களே பதிவாகட்டும்; அதிகாரியும் அங்கேயே இருப்பதால் பிழையென்றால் திருத்துவார்.

சொல் சரி, பொருள் தலைகீழ்

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் எழுத்துப்பிழை போலத் தெரியாது. இந்த மாதிரிகள் பழகிய தமிழில் பெரும்பங்கு இந்தியத் தமிழ். மட்டக்களப்பு, அம்பாறைப் பேச்சு அதற்குப் பரிச்சயம் குறைவு.

‘மறுகாப் பாப்பம்’ என்று தலைவர் சொன்னார். பிறகு பார்ப்போம் என்பது பொருள். எழுத்துரு அதை ‘மறுக்கா’ என்றோ ‘மறுக்க’ என்றோ எழுதும். சுருக்கம் அதைப் பிடித்து ‘கோரிக்கை மறுக்கப்பட்டது’ என்று ஆக்கும். ஒத்திவைத்தது நிராகரித்ததாகிவிட்டது, அடுத்த கூட்டத்தில் சண்டை நிச்சயம்.

‘ஆறுதலாச் செய்வம்’ என்பது இங்கே அவசரமின்றிச் செய்வோம் என்பது. சுருக்கம் ‘ஆறுதல் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதினால் ஆச்சரியப்படாதீர்கள்.

‘ரெண்டு கிழமைக்குள்ள’ என்பது இரண்டு வாரம். கிழமையை நாள் என்று கொண்டு ‘இரண்டு நாட்களுக்குள்’ என்று எழுதிவிடும். கானைத் துப்புரவாக்கப் பதினாலு நாள் கொடுத்தது இரண்டு நாளாகும். அந்தக் ‘கான்’ என்ற சொல்லே வடிகான் ஆகாமல் ஒருவருடைய பெயராகிவிடுவதும் உண்டு.

‘கச்சேரிக்குக் கடிதம் கொடுப்பம்’ என்றால் மாவட்ட செயலகத்துக்கு. இயந்திரத்துக்குக் கச்சேரி என்றால் பாட்டும் மிருதங்கமும்தான்.

‘ஜி.எஸ்.’ என்ற கிராம உத்தியோகத்தர் ‘ஜி.எஸ்.டி.’ ஆவார். சபை முழுக்க ‘ஓம்’ என்று சம்மதம் சொன்னால், ஒன்றில் விடுபடும், இல்லாவிட்டால் மந்திரமாக நிற்கும்.

திருத்தம் எளிது, ஒருமுறை செய்தால் போதும். சங்கத்துக்கென்று ஒரு சொற்பட்டியல் எழுதுங்கள், ‘மறுகா என்றால் பிறகு, கிழமை என்றால் வாரம், கச்சேரி என்றால் மாவட்ட செயலகம், ஆறுதலாக என்றால் அவசரமின்றி, கான் என்றால் வடிகால், ஓம் என்றால் ஆம்’ என்று வரிவரியாக. சுருக்கம் கேட்கும் ஒவ்வொரு முறையும் எழுத்துருவுக்கு முன் அதை ஒட்டுங்கள். முப்பது நாற்பது வரி போதும். ஆனால் எழுத்துருவில் ‘மறுக்க’ என்று விழுந்த இடத்தைப் பட்டியல் காப்பாற்றாது. ‘மறு’ என்று தேடி, வந்த ஒவ்வொரு இடத்தையும் காதால் கேட்டே ஆக வேண்டும்.

தொகையும் திகதியும் பிழைக்கின்றன

பேச்சில் ‘தொண்ணூறு’, ‘தொள்ளாயிரம்’, ‘முப்பது’, ‘முன்னூறு’ எல்லாம் வேகத்தில் ஒன்றோடொன்று உராயும். ‘ஒண்டு’ என்பதைக் ‘கொண்டு’ என்று எழுதும். ‘ஒண்டரை லெச்சம்’ சில நேரம் ஒரு லட்சமாகக் குறையும். ‘ஆயிரத்தைநூறு’ என்று சந்தாவைச் சொன்னால் 1,000 என்றும் 500 என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கலாம்.

எழுத்துருவில் ரூபா, லட்சம், ஆயிரம், நூறு, திகதி, மணி ஆகிய சொற்களையும் எண்களையும் தேடி ஒவ்வொன்றையும் ஒலியோடு ஒப்பிடுங்கள். தொகையை ஒலியோடு மட்டுமல்ல, பொருளாளரின் கணக்குப் புத்தகத்தோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் புத்தகமே முன்னிற்கும். கூட்டத்தில் பொருளாளர் ஒரு தொகையைச் சொன்னதும் ‘தம்பி, அதைத் திருப்பி ஒவ்வொரு இலக்கமாச் சொல்லுங்க’ என்று தலைவர் கேட்டால் பாதி வேலை குறையும்: ‘ஒண்டரை லெச்சம், ஒன்று, ஐந்து, பிறகு நாலு பூச்சியம்.’

‘வாற மாதம் ரெண்டாம் சனி’ என்பதைச் சுருக்கம் தானாகவே ஒரு திகதியாக்கும். கூட்டம் நடந்த நாளை அதற்குச் சொல்லாவிட்டால் அந்தத் திகதி வெறும் ஊகம். கூட்டத் திகதியை முதல் வரியில் கொடுங்கள், வந்த திகதியை நாட்காட்டியில் பாருங்கள்.

ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் சிதைகின்றன

துறைநீலாவணை, களுவாஞ்சிக்குடி, அட்டாளைச்சேனை, கொக்கட்டிச்சோலை போன்ற பெயர்கள் இரண்டு மூன்று சொல்லாக உடையும். விஸ்பருக்கு முன்குறிப்புக் கொடுக்கும் வசதி உண்டு; பெயர்களை அதில் எழுதினால் அந்த எழுத்துக்கோவையைப் பின்பற்ற முயலும். ஆனால் அது 224 டோக்கன்களை (உரையை அது பிரித்துக்கொள்ளும் சிறு துண்டுகளை) மட்டுமே கவனிக்கும். தமிழ் எழுத்து பல டோக்கன்களாகச் சிதறுவதால் சங்க அங்கத்தவர் பட்டியல் முழுவதையும் ஒட்டினால் முற்பகுதி வெட்டுப்பட்டுவிடும். அன்றைய விடயத்துக்குத் தேவையான பத்துப் பதினைந்து பெயரோடு நிறுத்துங்கள்.

இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. முன்குறிப்பு முதல் 30 வினாடித் துண்டுக்குத்தான் நேரடியாகப் போகிறது. அதற்குப் பிறகு முந்தைய உரை வழியாகவே அதன் செல்வாக்கு நீளும். சுழலை நிறுத்த ‘முந்தைய உரை’ தெரிவை அணைத்தவர்களுக்கு முன்குறிப்பும் அரை நிமிடத்தோடு போய்விடும். ஒன்றுக்கு மருந்து மற்றதற்குப் பத்தியம். சுழல்தான் பெரிய கேடு. அதை அணைத்தே வையுங்கள். பெயர்களைப் பிறகு தேடி மாற்றும் பட்டியலால் திருத்துங்கள். ஒரே பிழை ஒவ்வொரு மாதமும் அதே மாதிரி வரும், எனவே பட்டியல் இரண்டு மூன்று கூட்டத்தில் முதிர்ந்துவிடும்.

யார் சொன்னது என்று தெரியவில்லை

பேச்சாளரைப் பிரிக்கும் வசதி உள்ள செயலிகள் ‘பேச்சாளர் 1, 2’ என்று இலக்கமிடும். ஏழெட்டுப் பேர் கொண்ட நிர்வாகக் குழுவுக்கு ஓரளவு சரிவரும். பேச்சாளர் எண்ணிக்கையைக் கையால் கொடுத்தால் இன்னும் மேல். ஐம்பது பேர் கூடும் பொதுக்கூட்டத்தில் அதை நம்பவே வேண்டாம். ஒருவர் மேல் ஒருவர் பேசும் இடத்தில் இரண்டு குரலும் ஒரு பேச்சாளராகும், எட்டத்தில் பேசும் ஒருவர் மூன்று பேராவார்.

கூட்டறிக்கைக்கு எல்லாருடைய பேச்சும் தேவையில்லை. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எதிர்ப்பைப் பதியச் சொன்னவர், பொறுப்பேற்றவர் — இவ்வளவுதான். இந்த நாலு இடத்திலும் தலைவர் பெயரை வாயால் சொல்லட்டும். ‘அக்கா முன்மொழியிறா’ என்றால் இயந்திரத்துக்கு எந்த அக்கா? ‘23ஆம் இலக்க வீட்டு அக்கா’ என்று வீட்டிலக்கத்தோடு சொன்னால் அது பெயரைவிடப் பிழையின்றி எழுத்தில் விழும்.

எடுக்காத தீர்மானம் எடுத்ததாக வருகிறது

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் ‘இதைக் கூட்டறிக்கையாக்கு’ என்று மட்டும் சொன்னால், கூட்டறிக்கை என்றால் தீர்மானம் இருக்கவேண்டும் என்று அது எண்ணி, ஒருவர் சொன்ன யோசனையையே ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று முடித்துவைக்கும். கட்டளையை இப்படிக் கொடுங்கள்:

‘கீழே உள்ளது எமது சங்கக் கூட்டத்தின் எழுத்துரு. முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட இடத்தை மட்டும் தீர்மானமாக எழுது. மற்றவற்றைக் கலந்துரையாடல் என்று எழுது. பிறகு பார்ப்போம் என்றவற்றை ஒத்திவைக்கப்பட்டவை என்று தனியாக எழுது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் எழுத்துருவில் உள்ள நேரக்குறியைப் போடு. பெயர், தொகை, திகதி தெளிவில்லையென்றால் ஊகிக்காமல் கேள்விக்குறி போடு. எழுத்துருவில் இல்லாத எதையும் சேர்க்காதே.’

நேரக்குறி வாங்குவதுதான் இதில் முக்கியம்; அது இருந்தால் எந்த வரியையும் அரை நிமிடத்தில் சரிபார்க்கலாம். இரண்டு மணித்தியால எழுத்துருவை ஒன்றாகக் கொடுக்காதீர்கள். நடுப்பகுதி மெலிந்து வரும். விடயத்துக்கு ஒரு பதிவு என்று முன்பே பிரித்திருந்தால் இங்கே வேலை சுலபம்.

கை உயர்த்தியது ஒலியில் வராது. ‘ஆதரவு 23, எதிர்ப்பு 4, நடுநிலை 2’ என்று தலைவர் உரக்கச் சொல்லாவிட்டால் எந்த ஏ.ஐ.யாலும் அதை எடுக்க முடியாது. தீர்மானத்தின் வாசகத்தையும் செயலாளர் அங்கேயே எழுதி வாசிக்க வேண்டும். ‘அப்ப அப்பிடிச் செய்வம்’ என்று முடியும் விவாதத்திலிருந்து எதைச் செய்வது என்று மனிதராலும் எழுத முடியாது.

கோப்பு ஏறவில்லை

ஓப்பன்ஏஐயின் நேரடிச் சேவைக்கு எல்லை 25 எம்.பி. 128 கேபிபிஎஸ் எம்4ஏ ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 58 எம்.பி. வரும், 16,000 ஹேர்ட்ஸ் ஒற்றைத் தட வேவ் 115 எம்.பி. ஒற்றைத் தட எம்பி3 ஆக 48 கேபிபிஎஸ்ஸில் மாற்றினால் 22 எம்.பி.க்குள் அடங்கும். சொந்தக் கணினியில் ஓட்டுவோர், விஸ்பரின் பெரிய மாதிரிக்குப் பத்து ஜி.பி. வரை வரைகலை நினைவகம் தேவை என்பதைக் கவனியுங்கள். 2024இல் வந்த டர்போ மாதிரிக்கு ஆறு ஜி.பி. போதும். சின்ன மாதிரிகள் வேகம்தான், தமிழுக்கு வேண்டாம்.

கடந்த கூட்டறிக்கையை மாதிரியாகக் கொடுத்தால் ஏ.ஐ.க்கு விளங்கவில்லை

அது பாமினி என்ற பழைய ஃபொண்டில் அடித்தது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். யூனிகோடாக மாற்றும் கருவியில் போட்டு எடுத்துக் கொடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது பீ.டி.எப். ஆக்கிக் கொண்டுபோனால் கடைக் கணினியில் பெட்டி பெட்டியாக வரும் தொல்லையும் இராது.

பதிவு என்றதும் சபை வாய் திறக்கவில்லை

நியாயமான பயம்தான். வேலித் தகராறு, சந்தா நிலுவை, குடும்ப விடயம் எல்லாம் இந்தக் கூட்டங்களில் வரும், இணையச் செயலியில் ஏற்றினால் அந்த ஒலி சங்கத்தின் கையைவிட்டுப் போகிறது. தொடக்கத்தில் பதிவு பற்றி அறிவித்துச் சம்மதம் கேட்டு, அதையே முதல் விடயமாகக் கூட்டறிக்கையில் எழுதுங்கள். தனிப்பட்டவரைப் பற்றிய விடயம் வந்ததும் பதிவை நிறுத்தி, ‘பதிவு நிறுத்தப்பட்டது’ என்று நேரத்தோடு கொப்பியில் குறித்து, அந்தப் பகுதியைக் கையால் எழுதுங்கள். ஒலிக் கோப்பு செயலாளரின் போனில் மட்டும் இருக்கட்டும், வட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டு, திருத்தங்கள் சேர்ந்து, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்ட பிறகு கோப்பை அழித்து, அழித்த திகதியையும் அந்தக் கூட்டறிக்கையிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.